சென்னையில் ரீஃப் தொட்டிக்கு லைவ் ராக்: எதை வாங்கலாம், எதை வாங்கக் கூடாது

உங்கள் கேள்விக்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. 3 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத்தில் ரீஃப் தொட்டி, அதாவது கடல்நீர்த் தொட்டி தயார், பிற்பாடு பவளம் வளர்க்க ஆசை, எத்தனை கிலோ லைவ் ராக் (உயிர் ஒட்டிய கடல் கல்) போட வேண்டும் என்பது ஒன்று. ராமேஸ்வரம் பக்கமிருந்து புதிதாக எடுத்து வந்து தருகிறேன் என்று ஒருவர் சொல்கிறார், வாங்கலாமா என்பது இரண்டாவது. அமெரிக்க யூடியூப் சேனல்களில் கடலில் கிடந்த கல்தான் உசத்தி, டிரை ராக்கை (உயிர் ஒட்டாத காய்ந்த கல்லை) வைத்து ஆரம்பித்தால் தொட்டி ஒரு வருஷம் படுத்தும் என்கிறார்களே, உண்மையா என்பது மூன்றாவது.

இரண்டாவதை முதலில் முடித்துவிடுகிறேன். வாங்காதீர்கள். விலை குறைவாக இருந்தாலும், கல் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.

லைவ் ராக் என்று விற்பது பெரும்பாலும் இறந்த பவளத்தின் எலும்புக்கூடு, அதன்மேல் வளர்ந்த பாசி, பஞ்சுயிரி, புழு, பாக்டீரியா எல்லாம் சேர்ந்தது. இந்தியாவில் 2001 ஜூலையில் பாறை கட்டும் பவளங்கள் அனைத்தும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. புலி இருக்கும் அதே அட்டவணை. கூடவே கருப்புப் பவளம், நெருப்புப் பவளம், கடல் விசிறி ஆகியவையும் சேர்ந்தன. உயிரோடு இருப்பதுதான் தவறு, செத்ததை எடுத்தால் பரவாயில்லை என்று பலர் நினைக்கிறார்கள். அந்தச் சட்டம் விலங்கின் உடற்பாகத்தையும் அதிலிருந்து செய்த பொருளையும் சேர்த்தே பார்க்கிறது. முதல் அட்டவணைக் குற்றத்துக்கு 3 முதல் 7 ஆண்டு வரை சிறை உண்டு. விற்பவர் மட்டும் மாட்டுவார், வாங்கியவர் தப்பிவிடுவார் என்றும் கிடையாது.

சட்டத்தை விடுங்கள், அந்தக் கடலின் கதையையே பாருங்கள். மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவே 21 தீவுகள் இருந்தன. அவற்றையும் சுற்றியுள்ள கடலையும் சேர்த்து 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். பல பத்தாண்டுகள் பவளக்கல்லை வெட்டி எடுத்துச் சுண்ணாம்புக் காளவாய்க்கும் தொழிற்சாலைக்கும் வீடு கட்டவும் அனுப்பினார்கள். அலையைத் தடுத்து நின்ற பவளத் திட்டு போனதும் தீவின் மணல் கரைந்தது. பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் இன்று நீருக்கடியில் இருக்கின்றன. தூத்துக்குடிக்கு எதிரே உள்ள வான் தீவும் அரித்து அரித்துச் சுருங்கி, அதைக் காப்பாற்றக் கடலடியில் செயற்கைப் பவளத் திட்டுகளை இறக்க வேண்டியதாயிற்று. இதற்குப் பிறகும் உங்கள் வரவேற்பறைக்கு அங்கிருந்து 20 கிலோ வர வேண்டுமா?

அந்த ஆள் 'இது பவளம் இல்லை சார், சும்மா கடல் பாறை' என்று சொல்லக்கூடும். கல்லைக் கையில் வாங்கிச் சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள். மேற்பரப்பில் சின்னச் சின்ன வட்டக் குழிகள், ஒவ்வொன்றின் உள்ளேயும் நடுவை நோக்கி ஓடும் மெல்லிய தகடுகள், பூ அச்சு போலத் தெரிந்தால் அது பவளத்தின் எலும்புக்கூடு. மூளை மடிப்பு போன்ற வரிகளும் அதேதான். கரையில் ஒதுங்கியதைப் பொறுக்கினேன் என்றாலும் விஷயம் மாறாது.

சரி, யூடியூப் சேனல்காரர்கள் சொல்வது பொய்யா? பொய் இல்லை. அவர்கள் ஊருக்கு அது பொருந்தும். ஃபுளோரிடாவில் இயற்கைப் பாறையை எடுப்பதை மாநிலக் கடலில் 1989இலேயே தடை செய்துவிட்டார்கள். அதற்கு அப்பால் உள்ள மத்திய அரசின் கடலில் படிப்படியாகக் குறைத்து 1997இல் நிறுத்தினார்கள். அதற்குப் பதில் வந்ததுதான் இப்போது அங்கே விற்கும் கல். தரையில் குவாரியில் வெட்டிய சுண்ணாம்புக்கல்லைப் படகில் கொண்டுபோய், குத்தகைக்கு எடுத்த கடலடியில் கொட்டி, சில வருஷம் விட்டு, உயிர் ஏறியதும் திரும்ப எடுக்கிறார்கள். போட்ட கல்லைத்தான் எடுக்கிறார்கள் என்பதால் பவளத் திட்டுக்குச் சேதமில்லை. தம்பா பே சால்ட்வாட்டர் போன்ற நிறுவனங்கள் இந்தத் தொழிலையே செய்கின்றன. எனக்குத் தெரிந்து, நம் ஊரில் ரீஃப் தொட்டிக்காரர்கள் நம்பி வாங்கும்படி அப்படி ஒரு பண்ணை இல்லை.

முன்பு உலகச் சந்தையை நிரப்பியது ஃபிஜியும் இந்தோனேசியாவும். 2017 கடைசியில் ஃபிஜி நிறுத்தியது, 2018இல் இந்தோனேசியாவும் ஏற்றுமதியை நிறுத்தியது. இந்தோனேசியாவில் வளர்ப்புப் பவளத்துக்குப் பின்னர் வழி திறந்தது. ஆகவே 'ஃபிஜி ராக்' என்று பெயர் சொல்லி இன்று யாராவது ஈரமான கல்லை நீட்டினால், எந்த வருஷத்துச் சரக்கு என்று கேளுங்கள். பதிலில் இருந்தே ஆளைத் தெரிந்துகொள்ளலாம்.

டாலஸில் இருக்கும் அண்ணனிடம் சொல்லி அடுத்த முறை பெட்டியில் வைத்து எடுத்துவரச் சொல்லலாமா என்று சிலர் கேட்பதுண்டு. கல் பவளங்கள் அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற சர்வதேச ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கின்றன. லைவ் ராக்கும் அதில் அடக்கம். அனுமதிச் சீட்டு இல்லாமல் எல்லை தாண்டக் கூடாது. புதைபடிவமாகிவிட்ட பவளத்துக்கு மட்டும் விலக்கு உண்டு. அண்ணனை விமான நிலையத்தில் மாட்டிவிட வேண்டாம், அவரிடம் நல்ல டெஸ்ட் கிட் வாங்கிவரச் சொல்லுங்கள்.

இனி உருப்படியான பகுதி. லைவ் ராக் தொட்டியில் என்ன வேலை செய்கிறது என்று தெரிந்தால், அந்த வேலையை வேறு எதைக் கொண்டு செய்விக்கலாம் என்பதும் தெரிந்துவிடும்.

1961இல் ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங் என்பவர் பெரிய கருவி எதுவும் இல்லாமல், கடலிலிருந்து எடுத்த கல், கடல் நீர், லேசான காற்றுக் குமிழி, இவ்வளவை மட்டும் வைத்துப் பவளத்தை உயிரோடு காப்பாற்றியதை எழுதினார். பின்னால் பெர்லினில் உள்ள ஆர்வலர்கள் அதோடு சக்தி வாய்ந்த ஸ்கிம்மரையும் (கழிவை நுரையாகப் பிரிக்கும் கருவி) பலமான விளக்கையும் சேர்த்து ஒரு முறையாக்கினார்கள். பெர்லின் முறை என்று இன்றும் சொல்வது அதைத்தான். இரண்டிலும் வடிகட்டி என்று தனியாக ஒன்று கிடையாது, கல்லே வடிகட்டி.

மீன் கழிவிலிருந்து அமோனியா வருகிறது. கல்லின் மேற்பரப்பில் ஒட்டியிருக்கும் பாக்டீரியா ஆக்சிஜனைப் பயன்படுத்தி அதை நைட்ரைட்டாக்கி, பிறகு நைட்ரேட்டாக்குகிறது. கல் நன்றாக நுண்துளையுள்ளதாக இருந்தால் உள்ளே போகப் போக ஆக்சிஜன் தீர்ந்துவிடும். அங்கே வேறு பாக்டீரியா நைட்ரேட்டைப் பிரித்து நைட்ரஜன் வாயுவாக வெளியே விடும். இந்த இரண்டு வேலைக்கும் தேவை துளையும் நேரமும்தான். அந்தக் கல் கடலில் பிறந்திருக்க வேண்டும் என்ற அவசியமே இல்லை.

கடல் கல் கூடுதலாகக் கொடுப்பது பன்முகம். கல்லின்மேல் ஊதாவாகப் படரும் கோரல்லைன் பாசி, கோபிபாட், ஆம்பிபாட் போன்ற இறால் இனத்துச் சிற்றுயிர்கள், பஞ்சுயிரி, குட்டி நத்தைகள், குழாய்ப் புழுக்கள், இன்னும் கண்ணுக்கே தெரியாத எத்தனையோ. இவை இருக்கும் தொட்டி சீக்கிரம் நிலைக்கு வரும், பாசித் தொல்லை குறையும். டிரை ராக்கைப் பற்றிச் சேனல்காரர்கள் சொல்லும் குறை இதுதான், அதில் நியாயமும் உண்டு. மொட்டைக் கல்லில் காலி இடம் அதிகம், காலி இடத்தை முதலில் பிடிப்பது நமக்குப் பிடிக்காத ஜீவன்கள். ஆனால் அந்தப் பன்முகத்தைத் தனியாகவும் வாங்கி ஏற்றலாம். கல்லை ஒரு இடத்தில் வாங்குங்கள், உயிரை வேறு இடத்தில் வாங்குங்கள். இந்தியாவில் ரீஃப் தொட்டி வைப்பவருக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

கல் என்று இங்கே சட்டப்படி கிடைப்பவை சில வகை. நிலத்தில் குவாரியில் வெட்டிய பழைய பவளச் சுண்ணாம்புக்கல் ஒன்று. ஃபுளோரிடாவின் மார்கோ ராக்ஸ் அந்த வகை. கரிப்சீ லைஃப் ராக் போலத் தொழிற்சாலையில் செய்து ஊதா நிறம் கொடுத்தவை இன்னொன்று. செராமிக்கில் சுட்டுச் செய்தவை உண்டு. உள்ளூரிலேயே சிமென்ட்டும் கிளிஞ்சல் துண்டும் கலந்து வார்ப்பவர்களும் இருக்கிறார்கள். இறக்குமதிச் சரக்கு எப்போதும் கையிருப்பில் இருக்காது, வரும்போது பிடிக்க வேண்டும். குவாரிக் கல் என்றால் பெட்டியும் பில்லும் கேட்டு வாங்குங்கள். புதைபடிவக் கல்லிலும் பவள அச்சு தெரியும் என்பதால், அது வளைகுடாவிலிருந்து வந்ததில்லை என்று காட்டப் பின்னாளில் உங்கள் கையில் தாள் இருக்க வேண்டும்.

எனக்கு யாராவது கேட்டால் நான் முதலில் சொல்வது செராமிக் அல்லது தொழிற்சாலைக் கல். காரணம் எளிமை: உள்ளே அழுகிப்போன பழைய உயிர் எதுவும் இருக்காது, பாசிக்கு உரமாகும் பாஸ்பேட்டின் கசிவும் இருக்காது. ஊதா நிறத்தைப் பார்த்து மயங்க வேண்டாம், அது சாயம். ஆறே மாதத்தில் அதன்மேல் ஏதாவது வளர்ந்து மூடிவிடும். லைஃப் ராக்கில் பாக்டீரியா விதைகள் பூசியிருப்பதாக நிறுவனம் சொல்கிறது. இருந்தால் நல்லது, அதை நம்பி முதல் வாரமே மீன் விடாதீர்கள்.

உள்ளூர் சிமென்ட் கல் மலிவு, வடிவமும் கேட்டபடி கிடைக்கும். சிமென்ட்டின் காரம் மட்டும் தீர வேண்டும். நல்ல தண்ணீரில் ஊறப்போட்டு, தண்ணீரை மாற்றி மாற்றி, 24 மணி நேரம் ஊறிய பிறகும் அந்த நீரின் பிஎச் 8.3ஐத் தாண்டாமல் நிற்கும் வரை விட வேண்டும். வாரக்கணக்கில் ஆகும். விற்பவர் ஏற்கெனவே ஊறவைத்துவிட்டேன் என்பார். நீங்களும் ஒருமுறை அளந்துவிடுங்கள்.

அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் போடலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். ஒரு காலத்தில் கடலாக இருந்த இடம்தான், கல்லில் கடல் உயிர்களின் படிவங்களும் உண்டு. வினிகர் விட்டால் நுரைக்கும், அதனால் தொட்டிக்கு ஏற்றது என்று முடிவு கட்டுகிறார்கள். நுரைப்பது சுண்ணாம்பு என்பதை மட்டும்தான் காட்டும். கோடிக்கணக்கான வருஷ அழுத்தத்தில் துளை அடைபட்டு இறுகிய கல்லில் பாக்டீரியாவுக்கு வெளித்தோல் மட்டுமே கிடைக்கும். எடையும் அதிகம். கடப்பாக்கல்லுக்கும் இதே பதில்.

கடையில் கல்லை எப்படிப் பொறுக்குவது? கையில் தூக்கிப் பாருங்கள். பார்வைக்குப் பெரிதாக இருந்து தூக்கும்போது லேசாக இருப்பதுதான் நல்ல கல். கிலோ கணக்கில் விற்பதால் கடைக்காரருக்குக் கனமான கல்லில் லாபம், உங்களுக்கு லேசான கல்லில் லாபம். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் உடனே உறிஞ்ச வேண்டும். மேலேயே நின்று வழிந்தால் துளை இல்லை. எல்லாம் ஒரே அளவு உருண்டைகளாக வாங்கிவிடாதீர்கள், அவற்றை அடுக்கினால் பழக்கடைதான் வரும். அடிக்குத் தட்டையான இரண்டு மூன்று, நிமிர்ந்து நிற்கும் ஒன்றிரண்டு, பவளம் உட்கார அலமாரித் தட்டு மாதிரி நீட்டிய சில துண்டுகள், ஒட்டுவதற்குச் சில்லுகள். செங்கல் நிறக் கறையோ பளபளக்கும் உலோகப் புள்ளியோ தெரிகிற கல்லை ஒதுக்குங்கள். மீனுக்கு ஆகாத உலோகம் எது வந்தாலும் நத்தையும் இறாலும்தான் முதலில் சாகும்.

எத்தனை கிலோ? உங்கள் தொட்டி விளிம்பு வரை 190 லிட்டர் பிடிக்கும், அதாவது அமெரிக்கக் கணக்கில் 50 கேலன். கேலனுக்கு ஒரு பவுண்டு முதல் இரண்டு பவுண்டு என்ற பழைய கணக்குப்படி 23 முதல் 45 கிலோ வரும். கல்லைச் சுவர் மாதிரி அடுக்கிய காலத்துக் கணக்கு அது. இப்போது யாரும் அப்படிச் செய்வதில்லை, செய்யவும் வேண்டாம். நல்ல துளையுள்ள கல் என்றால் 10 முதல் 12 கிலோ போதும். பாக்டீரியாவுக்கு இடம் குறையுமே என்ற பயம் இருந்தால் சம்பில் (கீழே இருக்கும் வடிகட்டித் தொட்டி) செராமிக் மீடியா (பாக்டீரியா ஒட்டும் துளைத் துண்டுகள்) ஒரு பை போடுங்கள், தீர்ந்தது. மிச்சமாகும் இடத்தில் நீர் சுற்றும், மீன் நீந்தும், பவளம் வளரும். கண்ணாடிக்கும் கல்லுக்கும் நடுவே நான்கு பக்கமும் 10 செ.மீ. விடுங்கள், இல்லாவிட்டால் பாசி தேய்க்கும் காந்தம் போகாது.

பழைய தொட்டியைக் கலைப்பவரிடமிருந்து வாங்கும் கல்லைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஊர் மாறுவார்கள், கல்யாணம் ஆகும், கரண்ட் பில் பயமுறுத்தும், யாராவது ஒருவர் எப்போதும் தொட்டியைக் கலைத்துக்கொண்டுதான் இருப்பார். செராமிக்கோ லைஃப் ராக்கோ வைத்து இரண்டு மூன்று வருஷம் ஓட்டிய தொட்டி கிடைத்தால் அதைவிட அதிர்ஷ்டம் இல்லை. கல்லும் உயிரும் சேர்ந்தே வரும். வளைகுடாக் கல் என்றால் கை மாறியதால் மட்டும் அது சுத்தமாகிவிடாது, அதை விட்டுவிடுங்கள்.

தொட்டி இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்போதே போய்ப் பாருங்கள். கேட்க வேண்டிய முதல் கேள்வி: இந்தத் தொட்டியில் எப்போதாவது செம்பு மருந்து போட்டீர்களா? வெள்ளைப்புள்ளி நோய்க்குப் போடும் மருந்தில் செம்பு இருக்கும். சுண்ணாம்புக்கல் அதை உறிஞ்சி வைத்துக்கொண்டு பிறகு மெல்ல விடும், அதில் இறாலும் நத்தையும் பவளமும் பிழைக்காது. பதில் என்னவாக இருந்தாலும் கண்ணாடியில் நத்தை ஊர்கிறதா, இறால் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். அவை நன்றாக இருந்தால் செம்பு இல்லை.

அடுத்து வேண்டாத விருந்தாளிகள். முடிந்தால் விளக்கு அணைந்த பிறகு சின்ன டார்ச்சோடு போங்கள். பழுப்பு நிறத்தில், நீளமான உணர்கொம்புகளோடு, தொட்டால் சட்டென்று துளைக்குள் போவது ஐப்டேசியா என்ற கடல் அனிமோன். ஒன்று இருந்தால் சீக்கிரம் நூறாகும். பச்சைக் கண்ணாடிக் கோலி மாதிரி இருப்பது குமிழிப் பாசி, இறகு மாதிரி கரும்பச்சையாக இருப்பது பிரையாப்சிஸ். கல்லில் ஒட்டிய குட்டிக் குழாயிலிருந்து சிலந்தி நூல் போல வலை வீசுவது வெர்மெடிட் நத்தை. இந்த நான்கில் பிரையாப்சிஸ் நிறைய இருந்தால் நான் கல்லை வாங்க மாட்டேன். மற்றவற்றைச் சமாளித்துக்கொள்ளலாம். ஐப்டேசியாவை ஒன்றிரண்டு என்றால் கால்சியம் ஹைட்ராக்சைடைக் கெட்டியாகக் கரைத்து ஊசியில் எடுத்து அதன் வாயிலேயே வைத்து மூடலாம். வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பும் அதே பொருள்தான், ஆனால் அதில் வேறு என்ன கலந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது, தொட்டிக்கு வேண்டாம். பெப்பர்மின்ட் இறாலும் ஐப்டேசியாவைத் தின்னும், அதற்கு மனது வந்தால்.

ராத்திரியில் தொட்டியிலிருந்து டக், டக் என்று சத்தம் கேட்கிறது என்று அவர் பேச்சுவாக்கில் சொன்னால் மான்டிஸ் இறால் இருக்கலாம். பிஸ்டல் இறாலும் சத்தம் போடும், அது பெரும்பாலும் சாது. முள்புழுவைக் கண்டு மட்டும் அலறாதீர்கள். அதன் முள் கையில் ஏறினால் எரியும், அதனால் கையுறை வேண்டும், மற்றபடி மிச்சத் தீனியைத் தின்று சுத்தம் செய்யும் வேலைக்காரன் அது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பழைய கல்லில் பொத்தான் பொத்தானாகப் பாலித்தோவா போன்ற சோவாந்திட் வகை உயிர்கள் ஒட்டியிருந்தால், அதைப் போக்கக் கல்லை வேகவைப்பதோ, வெந்நீர் ஊற்றுவதோ, உலர்ந்த நிலையில் பிரஷ்ஷால் தேய்ப்பதோ கூடவே கூடாது. அவற்றில் சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு இருக்கிறது, ஆவியாகவும் திவலையாகவும் மூச்சில் ஏறும். 2018இல் இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டுஷைரில் ஒரு வீட்டில் தொட்டியைச் சுத்தம் செய்யப்போய்க் குடும்பமே மருத்துவமனைக்குப் போனது. கல்லைக் கொதிக்க வைத்தால் கிருமி போகும் என்று வீட்டில் யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள்.

பழைய கல்லை வீட்டுக்குக் கொண்டுவரும்போது அதே தொட்டி நீரில் மூழ்க வைத்து வாளியில் கொண்டுவாருங்கள். ஈரச் செய்தித்தாளில் சுற்றியும் கொண்டுவரலாம், சென்னை வெயிலில் அதிக நேரம் தாங்காது. வந்ததும் நேராகத் தொட்டியில் போடாமல் ஒரு பெரிய பிளாஸ்டிக் தொட்டியில் 1.025 அடர்த்தி உப்புநீரில் வையுங்கள். நீரைச் சுழற்ற ஒரு பவர்ஹெட் பம்ப் ஓடட்டும், விளக்கு வேண்டாம். வழியில் செத்தவை அங்கே அழுகட்டும். அமோனியா ஏறி இறங்கி, நைட்ரைட்டும் பூஜ்யத்துக்கு வரும் வரை காத்திருங்கள். அருகிலேயே எடுத்து நீரிலேயே வந்த கல் என்றால் சில நாளில் முடியும், நிறைய செத்திருந்தால் ஒரு மாதத்துக்கு மேலும் இழுக்கும். முகர்ந்து பார்த்தாலே தெரியும். நல்ல கல்லில் கடல் வாசனை வரும், கெட்டதில் அழுகின முட்டை நாற்றம் வரும். வெளிநாட்டு வழிகாட்டிகள் இந்த வாளியில் ஹீட்டர் போடச் சொல்வார்கள். நமக்கு மே மாதத்தில் பிரச்சினை எதிர்ப்பக்கம். மொட்டை மாடியில் வைத்தால் நீர் 33 டிகிரியைத் தாண்டும், சூடான நீரில் ஆக்சிஜன் குறையும், இருக்கிற உயிரும் போய்விடும். வீட்டுக்குள், நிழலில் வையுங்கள். கரண்ட் போனால் ஓட ஒரு பேட்டரி ஏர் பம்ப் அவசியம்.

புதிய டிரை ராக்குக்கு வேறு சடங்கு. தொழிற்சாலைக் கல்லும் செராமிக்கும் என்றால் தூசி போகக் கழுவினால் போதும். குவாரிக் கல்லில் பழுப்பு நிறமாக ஏதாவது காய்ந்து ஒட்டியிருந்தால் மட்டும் பிளீச் கரைசலில் சில நாள் ஊறவைத்துக் கழுவி, குளோரின் நீக்கும் மருந்து விட்ட நீரில் ஊறவைத்து, வெயிலில் நன்றாகக் காயவையுங்கள். ஆசிட்டில் குளிப்பாட்டச் சொல்லும் வீடியோக்கள் நிறைய உண்டு. மேல் அடுக்கு கரைந்து பாஸ்பேட் குறையும் என்பது சரிதான், உங்களுக்கு அது தேவைப்படாது. செய்தே தீருவேன் என்றால் திறந்த வெளியில், கையுறையும் கண்ணாடியும் போட்டு, தண்ணீரில் ஆசிட்டை ஊற்றுங்கள், ஆசிட்டில் தண்ணீரை ஊற்றாதீர்கள். பிளீச்சில் ஊறிய கல்லை அப்படியே ஆசிட்டில் போட்டால் குளோரின் வாயு கிளம்பும். பாத்ரூம் ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் கலந்து மயங்கி விழுந்த கதைகள் நம் ஊரில் குறைவில்லை.

தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் கல்லைக் குறை சொல்லும் பாதிப் பாசிப் பிரச்சினை தண்ணீரிலிருந்து வருவது. சமையலறை ஆர்ஓ இருக்கிறதே என்று நினைக்காதீர்கள். குடிநீர் ஆர்ஓவில் சுவைக்காகக் கொஞ்சம் வடிகட்டாத நீரைத் திரும்பக் கலக்கும் டிடிஎஸ் கண்ட்ரோலர் இருக்கும், அல்லது தாது சேர்க்கும் கார்ட்ரிட்ஜ் இருக்கும். அதையெல்லாம் தாண்டி, கடைசியில் மிச்சத் தாதுக்களை நீக்கும் டிஐ ரெசின் போட்டு, மீட்டரில் பூஜ்யம் காட்டும் நீரில்தான் உப்பு கலக்க வேண்டும்.

கல்லை மணலுக்கு முன்னால் வையுங்கள். நேராகத் தொட்டியின் அடிக் கண்ணாடிமேல், வேண்டுமானால் கீழே பிளாஸ்டிக் வலைத் தகடு போட்டு. மணல்மேல் கல்லை வைத்தால் கோபி மீனோ பிஸ்டல் இறாலோ அடியில் தோண்டும், ஒரு நாள் மொத்தமும் சரியும். துண்டுகளைச் சேர்க்க ஜெல் வகை சூப்பர் குளுவும் இருபொருள் எபாக்சியும் போதும். தொட்டிக்கு வெளியே, தரையில் அதே அளவுக்குக் கோடு போட்டு முதலில் அடுக்கிப் பாருங்கள். இந்த ஒரு மாலை நேர வேலையை அவசரப்பட்டுச் செய்தால் பிறகு தினமும் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும்.

அப்புறம் சைக்கிள், அதாவது அமோனியாவைத் தீர்க்கும் பாக்டீரியாவைத் தொட்டியில் வளர்த்தெடுப்பது. மீனை விட்டுச் சோதிக்காதீர்கள், அம்மோனியம் குளோரைடு கரைசலால் அமோனியாவை 2 பிபிஎம் (பத்து லட்சத்தில் இரண்டு பங்கு) வரை ஏற்றுங்கள். பாக்டீரியா புட்டி ஊற்றலாம். ஆனால் கூரியர் வண்டியில் வெந்து வந்த புட்டியில் எவ்வளவு உயிரோடு இருக்கும் என்பது சந்தேகம். குளிர் மாதத்தில், அல்லது கடையிலேயே போய், தேதி பார்த்து வாங்குங்கள். 2 பிபிஎம் அமோனியா 24 மணி நேரத்தில் பூஜ்யமாகி, நைட்ரைட்டும் பூஜ்யமானால் முதல் மீனுக்கு இடம் உண்டு.

இனித்தான் நான் சொன்ன அந்த இரண்டாவது கொள்முதல், உயிர். நல்ல தொட்டி வைத்திருக்கும் நண்பரிடம் ஒரு கை நிறைய மணல், சம்பின் அடியில் கிடக்கும் சில்லுக் கற்கள், கண்ணாடியில் சுரண்டிய ஊதாக் கோரல்லைன் தூள் கேளுங்கள். பெரும்பாலும் சும்மாவே தருவார்கள். ஓட்டில் ஊதா படிந்த நத்தைகளாகப் பார்த்து வாங்குங்கள், ஓடும் விதைதான். கோபிபாட் புட்டி கிடைத்தால் மீன் விடுவதற்கு முன்பே ஊற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் அது விலை உயர்ந்த ஒரு வேளைத் தீனி. ஒரே நண்பரிடம் வாங்காமல் இரண்டு மூன்று தொட்டிகளிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வாங்கினால் வகை கூடும், ஐப்டேசியா வரும் வாய்ப்பும் கூடும். மணலை வெள்ளைத் தட்டில் கொட்டிப் பார்த்து விடுங்கள். மெரினா மணல் வேண்டாம்.

எல்லாம் சரியாகச் செய்தாலும் முதலில் பழுப்பு டயாட்டம் பாசி வரும், பிறகு பச்சைப் பாசி, சில நேரம் சயனோ என்ற சிவந்த படலம். அதெல்லாம் போகும். கவனிக்க வேண்டியது டைனோஃபிளாஜெல்லேட் என்ற நுண்ணுயிர், சுருக்கமாக டைனோ: சளி மாதிரி, நூல் நூலாக, நுனியில் காற்றுக் குமிழியோடு, பகலில் ஏறி இரவில் குறையும். பாசியைப் பார்த்துப் பயந்து நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் பூஜ்யத்துக்கு இறக்குகிறவர்களுக்குத்தான் அது அதிகம் வரும். புதுத் தொட்டியில் நைட்ரேட் 5 பிபிஎம் அளவிலும் பாஸ்பேட் 0.03 முதல் 0.1 வரையிலும் இருக்கட்டும். ஆல்கலினிட்டி (நீரின் காரத்தன்மை) 8 டிகேஎச், கால்சியம் 420 பிபிஎம், மெக்னீசியம் 1300 பிபிஎம் சுற்றி நிலையாக இருந்தால் கோரல்லைன் தானாகப் படரும். மூன்று நான்கு மாதமாவது ஆகும், அதற்கு முன் கல்லில் ஊதாப் புள்ளி தேடாதீர்கள்.

கல்லைப் பிற்பாடு கூட்டலாமா என்ற கேள்வியும் வரலாம். கூட்டலாம். செராமிக் என்றால் கழுவி நேராக வைக்கலாம். பழைய தொட்டிக் கல் என்றால், உங்கள் தொட்டி எவ்வளவு முதிர்ந்திருந்தாலும், மேலே சொன்ன வாளிக்கு முதலில் போக வேண்டும். மீனும் பவளமும் இருக்கும் தொட்டியில் அமோனியா ஏறினால் ஒரே ராத்திரியில் எல்லாம் போய்விடும். 12 கிலோவில் ஆரம்பித்து வடிவம் பிடிக்கவில்லை என்றால் மேலும் 3 கிலோ வாங்கலாம், 25 கிலோ வாங்கிவிட்டால் திருப்பித் தர முடியாது. ராமேஸ்வரம் ஆளுக்கு முன்பணம் ஏதும் கொடுத்திருந்தால் அதைத் திரும்பக் கேளுங்கள். வராவிட்டாலும் சரக்கை மட்டும் வாங்காதீர்கள்.